ஓவியமும் உரியவரும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் தேடுவன கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம் ஆகிய சான்றுகளே. எழுத்துத் தோன்றிய இடத்தில் வரலாறு தோன்றுகிறது; அதற்கு முன்னையதெல்லாம் வரலாற்றுக்கு முற்பட்ட காலம். இவ்வாறே நம் பாடநூல்கள் நெடுங்காலம் கற்பித்து வந்தன. இப்பாகுபாடு கற்பிப்பதற்கு எளிது. ஆனால் எல்லா மக்களுக்கும் பொருந்துவதன்று. எழுத்தைக் கையாளாமலே தம் முன்னோரின் அறிவையும் அறத்தையும் நிலவுரிமையையும் பல்லாயிரம் ஆண்டுகள் வழிவழியாகக் காத்து வந்த மக்கள் உலகில் உண்டு. அவர்களுக்கு வரலாறு இல்லை என்று கூறிவிடலாமா? அவ்வரலாற்றை அவர்கள் எங்கே எழுதி வைத்தார்கள் என்று தேடுவதன்றோ அறிவுடைமை!

ஆஸ்திரேலியக் கண்டத்தின் பழங்குடி மக்கள் அத்தகையோர். பாறையே அவர்கள் ஏடு. நார்த் தூரிகையும் கைவிரலும் எழுதுகோல். செங்காவியும் வெண்களிமண்ணும் கரியும் மை. அந்தப் பாறை ஓவியங்களைப் பற்றியும், அவற்றைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பதைப் பற்றியும் இவ்வுரையில் காண்போம். பழைய ஓவியத்தைக் காப்பது என்றால் அதை எவரும் தொடாமல் பார்த்துக்கொள்வதுதானே, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று மாணவர்கள் எண்ணலாம். அவ்வாறு எண்ணியவர் பலர். அவ்வெண்ணத்தினின்று எழுந்த பெரியதொரு வழக்கைப் பின்னர்க் கூறுவேன்.

'ஆஸ்திரேலியப் பழங்குடியினர்' என்று நாம் ஒரே பெயரால் குறித்தாலும், அவர்கள் ஒரு மொழியினர் அல்லர். ஒரு குலத்தினரும் அல்லர். 1788-இல் ஆங்கிலேயர் சிட்னியில் வந்து குடியேறிய காலத்தில் அக்கண்டத்தில் 250-க்கு மேற்பட்ட மொழிகள் வழங்கின. ஒவ்வொரு மக்களுக்கும் தனி நிலம் இருந்தது. அந்நிலத்துக்குரிய கதைகளும் பாடல்களும் சடங்குகளும் இருந்தன. அவர்கள் அங்கே வாழத் தொடங்கி 50,000 ஆண்டுகளுக்குக் குறையாது என்பது பெரும்பாலான ஆராய்ச்சியாளர் கருத்து. வடக்கே ஆர்னம் நிலத்தில் மஜெட்பெபெ என்னும் பாறை ஒதுக்கில் நடந்த அகழாய்வின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. அவை அக்காலத்தை 65,000 ஆண்டு வரை பின்னுக்குக் கொண்டு சென்றன. அவ்வகழாய்வில் கற்கோடரிகளோடு அரைத்துத் தேய்த்த காவிக்கற்களும் கிடைத்தன. எனவே அந்நிலத்தில் மனிதர் வாழ்ந்த தொன்மை எத்துணையோ, வண்ணம் தீட்டும் வழக்கமும் ஏறக்குறைய அத்துணைத் தொன்மை உடையது எனலாம்.

அந்நிலத்தின் மேற்கு எல்லையில் காக்கடு தேசியப் பூங்கா இருக்கிறது. 1981-இல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்ற இடம் அது. அங்குள்ள மணற்பாறைச் சுவர்களை ஒரு வரலாற்று நூலின் ஏடுகளைப் போலப் புரட்டலாம். பழைய படிவங்களில் கங்காரு முதலிய நில விலங்குகள் பெரிய உருவங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. அக்காலத்தில் உலகம் குளிரால் உறைந்திருந்தது. கடல் தாழ்ந்து, கரை வடக்கே நெடுந்தூரம் விலகிக் கிடந்தது. பின்னர்ப் பனி உருகிக் கடல் உயர்ந்தது. ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன் உப்புநீர் ஆற்று முகங்களில் ஏறியது. அதன்பின் பாறைகளில் மீன்கள் மிகுகின்றன. நம் கடற்கரையார் கொடுவா என்று வழங்கும் மீனை அங்கே எலும்பும் குடலும் தெரிய, உடலை ஊடுருவிப் பார்த்தாற்போல் வரைந்திருக்கிறார்கள். அதற்கும் பின்னர் நன்னீர்ச் சதுப்புகள் உண்டாயின. நீர்ப்பறவைகளும் அல்லியும் ஓவியத்தில் இடம் பெற்றன. உபிர் என்னுமிடத்தில் தைலசீன் என்ற வரிவிலங்கின் ஓவியம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் அவ்விலங்கு அற்றுப்போய் ஏறத்தாழ 3,000 ஆண்டுகள் ஆகின்றன. கடைசி ஏடுகளில் வேற்று நாட்டார் வருகின்றனர். கடலட்டை தேடி மக்காசர் மக்கள் வந்த பாய்மரக் கலங்கள், ஐரோப்பியர் கப்பல்கள், துப்பாக்கிகள், குதிரைகள் என எல்லாம் பதிவாகியுள்ளன. ஆர்னம் நிலத்தின் ஜுலிர்ரி என்னும் ஒதுக்கில் இருக்கும் கலம் ஒன்றின் மேல் தேன்மெழுகால் ஆன உருவம் ஒட்டியிருக்கிறது. அம்மெழுகின் வயதை அளந்து, கீழுள்ள கலம் 1664-க்கு முன்பே வரையப்பட்டது என்று 2010-இல் ஆய்வாளர் கண்டனர். வந்தவர்கள் இம்மக்களைப் பற்றி எழுதிய குறிப்புகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். வந்தவர்களைப் பற்றி இம்மக்கள் எழுதிய குறிப்பு அந்தப் பாறையில் இருக்கிறது.

ஓவியத்தின் வயதை எவ்வாறு கணிப்பது? கரியால் வரைந்த ஓவியமானால் கரிமக் கணக்கீட்டால் வயதை அறியலாம். கரி ஒரு காலத்தில் உயிருள்ள மரமாய் இருந்தது. காவியோ கனிமம்; அதற்கு அம்முறை உதவாது. இவ்விடையூற்றைத் தீர்க்கத் துணையாக வந்தது மண்குளவி! மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதியான கிம்பர்லியில், பாறை ஒதுக்குகளில் குளவிகள் மண்கூடு கட்டுகின்றன. காட்டுத்தீயின் கரித்துகள் அம்மண்ணில் கலந்திருக்கும். ஓவியத்தின் மேல் கட்டிய கூடு ஓவியத்திற்கு இளையது. ஓவியத்தின் அடியில் அகப்பட்ட கூடு ஓவியத்திற்கு மூத்தது. இரண்டின் வயதையும் கண்டால் ஓவியத்தின் வயது இடையில் சிக்கும். பலங்கரா மக்களின் நிலத்தில் சாய்ந்த பாறைக் கூரையில், இரண்டு மீட்டர் நீளத்திற்கு வரையப்பட்ட கங்காரு ஒன்று உண்டு. மேலே மூன்று கூடுகளும் கீழே மூன்று கூடுகளும் கொண்டு, அதன் வயது 17,300 ஆண்டு அளவினது என்று 2021-இல் அறிஞர் வெளியிட்டனர். நிலத்துக்குரிய மக்களும் அவ்வாய்வில் பங்கு கொண்டனர்.

ஓவியத்தின் வயதை அறிவியல் கூறிவிடும். அதன் பொருளை யார் கூறுவது? ஒரு கதையின் வெளிப்பொருளைச் சிறுவர்க்கும் விருந்தினர்க்கும் சொல்வார்கள்; உட்பொருளைச் சடங்குகளைக் கடந்து தகுதி பெற்றவர்க்கே சொல்வார்கள். சில இடங்கள் ஆடவர்க்கு மட்டும் உரியவை. சில பெண்டிர்க்கு மட்டும் உரியவை. ஆதலின் ஒரே ஓவியம் ஒருவனுக்கு மீனாகவும், இன்னொருவனுக்கு முன்னோனாகவும், மற்றொருவனுக்கு நிலத்தின் எல்லைக்கல்லாகவும் விளங்கும். கதை அறிந்தவர் மறைந்தால் சுவரில் நிற்பது வண்ணமே. அதன் பொருள் அவரோடு போய்விடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பாறைச் சுரைக்காயும் அப்படித்தான்.

இதை உணராமல் வெளியார் செய்த முதற்பிழையைப் பார்ப்போம். 1838-இல் ஜார்ஜ் கிரே என்ற ஆங்கிலப் படைவீரர் கிம்பர்லியில் நிலந்தேடிச் சென்றார். கிளெனெல்க் ஆற்றை அடுத்த பாறை ஒதுக்குகளில் சில உருவங்களைக் கண்டு திகைத்து நின்றார். வெண்மையான முகம், கருத்த பெரிய கண்கள், மூக்கு உண்டு, வாய் இல்லை, தலையைச் சுற்றிச் செந்நிற ஒளிவட்டம். 1841-இல் வெளியிட்ட தம் பயண நூலில் அவ்வோவியங்களைப் படமாகச் சேர்த்த கிரே, அந்நாட்டு மக்கள் தாமே அவற்றை வரைந்திருக்கக் கூடும் என்பதை ஐயுற்றார். அவ்வையம் பலருக்குத் தொற்றியது. எங்கிருந்தோ கடல் கடந்து வந்த மாலுமிகள் வரைந்தவை என்று பிற்காலத்தார் பலவாறு கற்பனை செய்தனர். 1891-இல் ஜோசப் பிராட்ஷா என்பவர் கண்ட நுண்ணிய மனித உருவங்களுக்கும் இதே கதி நேர்ந்தது. குஞ்சமும் இடையணியும் பூண்டு ஆடுவன போலத் தோன்றும் அவ்வுருவங்களுக்கு அவர் பெயரையே நெடுங்காலம் வழங்கினர். மறைந்துபோன வேறோர் இனத்தார் வரைந்தவை என்றும் எழுதினர். அந்நிலத்தார் அவற்றை 'குவியோன் குவியோன்' என்பார்கள். அப்பெயருடைய பறவை தன் அலகால் பாறையைக் கொத்தி, வழிந்த குருதியால் அவற்றைத் தீட்டியது என்பது அவர்கள் கதை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஓவியம் வரைந்தவர் வேறு எவரோ என்று சொல்லிவிட்டால், அந்நிலத்தில் நிற்கும் மக்கள் நேற்று வந்தவர் ஆகிவிடுவர். நிலத்தைப் பறிப்பவனுக்கு அது வசதியான கொள்கையன்றோ! கலை வரலாற்றில் செய்த பிழை நிலவரலாற்றில் அநீதிக்குத் துணையாயிற்று.

கிரே கண்ட வாயில்லா உருவத்திற்கு வாஞ்சினா என்று பெயர். வொரோரா, ஙரிஞின், வுனம்பல் ஆகிய மூன்று மக்கள் அதைப் போற்றுகிறார்கள். நம் நெடுங்கணக்கில் இருந்தும் சொல்லுக்கு முதலில் வருதல் அரிதான ஙகரம் அம்மக்களுள் ஒருவரின் பெயரிலே முதலெழுத்தாய் ஒலிப்பதை மாணவர்கள் கவனிக்கலாம். வாஞ்சினாக்கள் நிலத்தையும் நீரையும் நெறியையும் வகுத்த முன்னோர். மழை அவர்கள் வசம் உள்ளது. தலையைச் சுற்றிய வட்டம் முகில். அதிலிருந்து நீளும் கோடுகள் மின்னல். வாய் இருந்தால் மழை ஓயாது பெய்து உலகை அழித்துவிடும். ஆகவே வாய் இல்லை என்று விளக்கம் கூறுவர். தம் பணி முடிந்ததும் வாஞ்சினாக்கள் பாறைச் சுவரில் சாய்ந்து தம் உருவைப் பதித்து உள்ளே புகுந்தனர். ஆகவே அவ்வோவியத்தை மனிதன் வரையவில்லை. அது வாஞ்சினா தானே விட்டுச் சென்ற உரு. மனிதனின் கடமை, அது மங்காமல் பார்த்துக்கொள்வது. மழைக்காலத்திற்கு முன் உரிய குலத்தார் அவ்விடம் செல்வார்கள். சற்றுத் தொலைவிலேயே குரல் கொடுத்துத் தாம் இன்னார் என்று வாஞ்சினாவுக்கு அறிவித்துவிட்டு நெருங்குவார்கள். மங்கிய வண்ணத்தின்மேல் புது வண்ணம் தீட்டுவார்கள். செங்காவி பாறையில் ஊறி நெடுங்காலம் நிற்கும். வெண்ணிற மண்ணோ தடித்த பூச்சாய் நின்று சில தலைமுறைகளில் உதிர்ந்துவிடும். ஆதலால் வெள்ளை முகம் கொண்ட வாஞ்சினா அடிக்கடி புதுக்கப்பட வேண்டியது. விளக்கில் எண்ணெய் வார்த்துத் திரியைத் தூண்டுவது போன்ற பணி அது. தூண்டுபவன் விளக்கைக் கெடுக்கிறான் என்று எவரும் கூறார்.

ஆனால் 1987-இல் அவ்வாறே கூறினர். அவ்வாண்டில் கிம்பர்லியில் ஒரு முயற்சி நடந்தது. பண்ணைகளுக்கும் ஊர்களுக்கும் குடிபெயர்ந்த மக்களின் பிள்ளைகள் தம் நிலத்தையே காணாமல் வளர்ந்து வந்த காலம் அது. ஆஸ்திரேலிய அரசின் வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றின் பொருளுதவியைப் பெற்று, ஙரிஞின் இளைஞர் சிலர் மூத்தோரின் வழிகாட்டலில் சில பாறை ஒதுக்குகளுக்குச் சென்று வாஞ்சினா உருவங்களைப் புதுக்கினர். செய்தி வெளியானதும் எதிர்ப்பு எழுந்தது. தொன்மையான கலை பாழாக்கப்பட்டது என்றனர் பலர். பணி நின்றது, வழக்கு உலக ஆராய்ச்சியாளர் வரை சென்றது.

எதிர்த்தவர்களின் வாதங்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பழைய வண்ணத்தின்மேல் புதியது படிந்தால், கீழே இருக்கும் சான்று மறைகிறது; இனி எந்த ஆய்வாலும் அதை முழுமையாக மீட்க இயலாது. தீட்டியவர் இளைஞர், முன்னோரின் கைத்திறம் அவர்களுக்கு வாய்த்திருக்குமா என்றும் கேட்டனர். இத்தகைய ஓவியங்கள் மனித குலம் அனைத்திற்கும் சொந்தம், ஒரு கூட்டத்தார் தம் விருப்பப்படி மாற்றலாமா என்றும் வினவினர். பழங்குடி மக்களுக்குள்ளேயும், உரியவர் அனைவரையும் கலந்து பேசவில்லை என்ற குறை எழுந்தது.

மறுபுறத்தில் நின்றவர் ஙரிஞின் மூத்தவர் டேவிட் மொவல்ஜர்லாய். அவரும் ஆய்வாளர் சிலரும் சேர்ந்து 1988-இல் 'ஆன்டிகுவிட்டி' என்னும் தொல்லியல் இதழில் விடை எழுதினர். புதுக்குவது இம்மரபின் புறத்தே இருந்து வந்த செயல் அன்று, மரபே அதுதான் என்பது அவ்விடையின் சாரம். நாம் தொன்மை என்று போற்றும் மேற்பூச்சும் ஒரு காலத்தில் புதுக்கப்பட்டதே. கிரே திகைத்து நோக்கிய வெண்முகம் அவ்வளவு தெளிவாய் இருந்ததற்குக் காரணம், அவர் வருவதற்குச் சில காலம் முன்பு எவரோ அதைப் புதுக்கியிருந்ததாகத்தான் இருக்க வேண்டும். மேலும் இளைஞர் எப்படிக் கற்பார்கள்? மூத்தோர் அருகில் இருந்து, அவர் சொல்லும் கதையைக் கேட்டுக்கொண்டே, கையில் தூரிகை பிடித்துத்தான் கற்பார்கள். தொடக்கத்தில் கை தடுமாறும். கை தடுமாறுகிறது என்று தூரிகையைப் பிடுங்கிவிட்டால், மூத்தவர் மறையும் நாளில் எந்தக் கையும் எஞ்சாது.

நெடுங்காலம் ஆசிரியப் பணி புரிந்தவன் என்ற முறையில், இந்த இறுதி வாதம் என் நெஞ்சில் ஆழப் பதிகிறது. எனினும் முன்னவர் கூறியதிலும் உண்மை உண்டு. புதுக்குவதற்கு முன் பழைய நிலையைப் படமெடுத்துப் பதிவு செய்வதும், உரிய குலத்தார் எல்லாரையும் கலந்துகொள்வதும் இன்றியமையாதவை. இவை செயல்முறை பற்றிய திருத்தங்கள். செய்வதா, விடுவதா என்று முடிவு செய்யும் உரிமை எவருடையது என்ற கேள்விக்கு மட்டும் விடை ஒன்றே: ஓவியத்துக்குக் கடன்பட்டவர் எவரோ, அவருடையது. வொரோரா மூத்தவர் டானி வூலகூஜா வரைந்த வாஞ்சினா உருவம் 2000-இல் சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் பேருருவாக எழுந்தபோது உலகமே வியந்து நோக்கியது. அதே மனிதர் தம் குலத்தின் பாறை ஓவியங்களைப் புதுக்கும் கடமையையும் மேற்கொண்டு, மானிடவியல் அறிஞர் ஒருவரோடு சேர்ந்து அப்பணியைப் பற்றி 2005-இல் ஒரு நூலும் வெளியிட்டார்.

பாறையில் தீட்டும் வழக்கம் பல இடங்களில் ஏன் நின்றது? திறமை குன்றியதால் அன்று. மக்கள் பாறையை விட்டு அகற்றப்பட்டதால். நோயாலும் வன்முறையாலும் பலர் மாண்டனர். எஞ்சியோர் கிறித்தவ அறநிலையங்களிலும் கால்நடைப் பண்ணைகளிலும் போய்த் தங்கினர். காக்கடுவில் நயொம்போல்மி என்ற ஓவியர் ஒருவர் இருந்தார். சுரங்கங்களிலும் எருமை வேட்டை முகாம்களிலும் கூலி வேலை செய்தவர். 1963-64-இல் புருங்குய் குன்றின் அன்பங்பங் ஒதுக்கில் தங்கியபோது, பழைய உருவங்கள் மங்கிய சுவரில் ஆடவரும் பெண்டிருமாய் ஒரு பெருங்கூட்டத்தையும் முன்னோர் உருவங்களையும் புதிதாய்த் தீட்டினார். இன்று உலகெங்குமிருந்து பயணிகள் சென்று வியப்பது அச்சுவரையே. ஆயிரக்கணக்கான ஆண்டு பழையது என்று அவர்களுள் பலர் எண்ணக்கூடும். அதன் மேற்பூச்சின் வயது நம் வீடுகளில் இருக்கும் பாட்டன்மார் வயதினும் குறைவு. நயொம்போல்மி 1967-இல் மறைந்தார். அவருக்குப் பின் அக்குன்றில் அத்தகைய பெருஞ்சுவர் ஒன்று எழவில்லை.

உரியவரை இழந்த பாறைக்கு என்ன நேரும் என்பதை அறிய மேற்குக் கடற்கரைக்குச் செல்வோம். அங்கே முருஜுகா என்னும் தீபகற்பம் உள்ளது. அங்குள்ளவை தீட்டிய ஓவியங்கள் அல்ல, செதுக்கியவை. கருஞ்சிவப்பான பாறையின் மேல்தோலைக் கொத்தி நீக்கினால் உள்ளிருக்கும் வெளிர்நிறம் தெரியும். அவ்வாறு உண்டாக்கிய உருவங்கள் 10 இலட்சத்திற்கும் மேற்பட்டவை என்று மதிப்பிடுகின்றனர். மனித முகங்கள், கடலாமைகள், கங்காருகள், அற்றுப்போன தைலசீன் எல்லாம் அங்கு உண்டு. அந்நிலத்துக்கு உரியவர் யபுரரா மக்கள். 1868-இல் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்கும் பெயரில் குடியேறியோர் படை திரட்டிச் சென்று அம்மக்களைச் சுட்டு வீழ்த்தினர். பறக்கும் நுரைப் படுகொலை என்று அதை அழைப்பர். அந்நிகழ்ச்சி நடந்த கடற்கால் ஒன்றின் பெயர் அது. அதன்பின் அப்பாறைகளுக்காகப் பேச நாவில்லாமற்போயிற்று என்றே சொல்லலாம். 1960-களில் இரும்புத்தாது ஏற்றும் துறைமுகம் வந்தது, உப்பளம் வந்தது, 1980-களின் தொடக்கத்தில் இயற்கை எரிவாயு ஆலை வந்தது. ஆலைக்கு இடம் வேண்டி, உருவங்கள் செதுக்கிய பாறைகள் ஆயிரத்திற்கு மேல் பெயர்த்தெடுத்து வேலியிட்ட வெளியொன்றில் குவிக்கப்பட்டன. நூலகத்து நூல்களைத் தையல் பிரித்து ஏடுகளை ஒரு மூலையில் கொட்டினாற்போன்ற செயல் அது.

அண்டை மக்களின் மூத்தோர் பின்னர் அப்பொறுப்பை ஏற்றனர். முருஜுகா பழங்குடியினர் கழகத்தின் இடைவிடாத முயற்சியால் 2025 ஜூலையில் அவ்விடம் உலக மரபுச் சின்னங்களில் ஒன்றாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில், அங்குள்ள எரிவாயு ஆலை 2070 வரை இயங்க ஆஸ்திரேலிய அரசு நிபந்தனைகளோடு இசைவளித்தது. ஆலைப் புகையிலுள்ள அமிலம் பாறையின் மேல்தோலை அரிக்கிறதா என்பது பற்றி அறிஞரிடையே கடும் விவாதம் நிகழ்ந்துள்ளது. ஒரு கையால் பட்டயம் கொடுத்து, மறுகையால் புகைக்கு இசைவு கொடுக்கும் நிலை வருந்தத்தக்கது.

சட்டம் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். 2020 மே 24 அன்று, மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூக்கன் பள்ளத்தாக்கில் ரியோ டின்டோ என்ற சுரங்க நிறுவனம் இரு பாறை ஒதுக்குகளை வெடி வைத்துத் தகர்த்தது. அவற்றின் சிறப்பு ஓவியம் அன்று. 46,000 ஆண்டு மக்கள் வாழ்ந்த தடயம். 4,000 ஆண்டுப் பழமையான பின்னிய தலைமயிர்க் கச்சையின் துண்டு ஒன்று அங்கே கிடைத்திருந்தது. இன்றும் அந்நிலத்தில் வாழும் மக்களின் முன்னோருடையது அது என்று மரபணு ஆய்வு காட்டியது. அத்தகைய இடத்தை அழிக்க 1972-ஆம் ஆண்டின் பழங்குடி மரபுச் சட்டத்தின் கீழேயே, 2013-இல் முறைப்படி இசைவு பெறப்பட்டிருந்தது! நிறுவனத்தின் தலைமை அதிகாரி பதவி விலகினார். நாடாளுமன்றக் குழு விசாரித்தது. அம்மாநிலத்தில் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டு, பழைய சட்டமே சில திருத்தங்களோடு மீண்டும் வந்தது. தெற்கே நல்லர்போர்ச் சமவெளியில் உள்ள கூனல்டா குகைக்குச் சட்டக் காவலும் இருந்தது, வேலியும் இருந்தது. அங்கே மென்மையான சுண்ணச் சுவரில் 20,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் விரலால் இட்ட கோடுகளின்மேல் எவரோ கிறுக்கிச் சென்றது 2022-இல் வெளிப்பட்டது. கிறுக்கலை அழித்தால் கோடும் அழியும். சட்டம் தேவை, வேலியும் தேவை. ஆனால் அருகில் இருந்து காக்கும் மனிதரின் இடத்தை இவ்விரண்டும் நிரப்பமாட்டா.

அம்மனிதர் திரும்பி வந்த இடங்களில் நல்ல மாற்றம் காண்கிறோம். மேற்கு ஆர்னம் நிலத்துப் பீடபூமியில் பிறந்த பர்தயல் நஜமெரெக் என்ற ஓவியர், பாறைச் சுவரில் தீட்டுவதைத் தம் தந்தையிடம் கற்றவர். பின்னாளில் மரப்பட்டையிலும் தாளிலும் வரைந்து பெரும்புகழ் பெற்றார். ஆயினும் மக்கள் நீங்கிய தம் மலைநிலம் வெறிச்சோடிக் கிடப்பது கண்டு முதுமையில் அங்கேயே திரும்பிக் குடியேறினார். 2009-இல் அவர் மறைந்த ஆண்டிலேயே, அந்நிலம் வார்டெகன் என்ற பெயரில் அம்மக்களே காக்கும் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இன்று அவ்வினத்து இளைஞரும் பெண்களும் ஊதியம் பெறும் நிலக் காவலராகப் பணிபுரிகிறார்கள். கோடை முற்றுமுன் சிறுசிறு தீ இட்டுப் புதரைக் குறைப்பது அவர்கள் முன்னோர் முறை. அவ்வாறு செய்யாவிட்டால் கோடை இறுதியில் எழும் பெருந்தீயின் வெப்பத்தால் பாறை பொரிந்து ஓவியத்தோடு உதிரும். வெளிநாட்டிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட எருமைகள் சுவரில் உடம்பைத் தேய்க்காமல் தடுக்கிறார்கள். காக்கடுவில் மழைநீர் ஓவியத்தின் மேல் வழியாதவாறு பாறை விளிம்பில் சிலிகோன் வரம்பு கட்டி நீரைத் திருப்பி விடுகிறார்கள். புது அறிவியலும் பழைய அறிவும் இங்கே பகைக்கவில்லை. ஓவியங்களைப் பதிவு செய்யப் போகும்போது மூத்தோரையும் சிறுவரையும் உடன் அழைத்துச் செல்கிறார்கள். பாறைக்கு முன்னே கதை மீண்டும் சொல்லப்படுகிறது.

கிரேயின் ஐயத்திற்கும் ஒரு விடை கிடைத்தது. ஆஸ்திரேலிய மக்களுக்கு நிலத்தில் தொன்றுதொட்ட உரிமை உண்டென்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 1992-இல் மாபோ வழக்கில் தீர்ப்பளித்தது. அவ்வழியில் வாஞ்சினா மக்களும் தம் நிலத்தைக் கோரினர். வாஞ்சினா நெறியால் ஒன்றுபட்ட சமுதாயம் இது என்ற அவர்கள் கூற்றைக் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்று, 2004-இல் முதற்பெரும் பகுதிக்கு உரிமையை உறுதி செய்தது. வேற்றார் வரைந்தவை என்று சொல்லி நிலத்தைப் பறிக்கத் துணை நின்ற அதே ஓவியங்களின் நெறி, நிலத்தை மீட்கவும் துணை நின்றது.

மாணவர்களே, இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? ஒரு தொன்மைச் சின்னத்தைக் கண்டால் இதன் வயது என்ன, விலை என்ன, அழகு என்ன என்று கேட்பது நம் இயல்பு. அவற்றோடு மேலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள். இதற்கு உரியவர் யார்? அவர்கள் இன்று எங்கே, எவ்வாறு வாழ்கிறார்கள்? இதைப் பற்றிய அறிவை அவர்கள் தம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வழி இருக்கிறதா? முதல் மூன்று கேள்விகளுக்கு ஆய்வுக்கூடமும் அருங்காட்சியகமும் விடை கூறும். பின்னைய மூன்றுக்கும் விடை காண மக்களிடம் செல்ல வேண்டும். அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். அவர்கள் சொல்ல விரும்பாததை வற்புறுத்திக் கேளாதிருக்கவும் வேண்டும். வருங்காலத்தில் உங்களுள் சிலர் தொல்லியல் அறிஞராகலாம். சிலர் பொறியியல் வல்லுநராகிச் சுரங்கமும் ஆலையும் அமைக்கலாம். சிலர் சட்டம் இயற்றும் அவைகளில் அமரலாம். அந்நாளில் ஒரு பாறையைப் பற்றி முடிவு செய்ய நேர்ந்தால், அதன் முன்னே குரல் கொடுத்து நெருங்கும் மக்கள் எவரேனும் உளரா என்று முதலில் பாருங்கள்.